12 எம்எம் தகடு வேணுமா?

கேள்வி: அண்ணே, கோலாலம்பூர் செந்தூல்ல டெரஸ் வீடு, முன்னாடி கார் போர்ச்லதான் என் பட்டறை. கேட், கிரில்னு சின்ன வேலைங்களுக்கு நாலுக்கு ரெண்டு அடியில ஒரு வெல்டிங் டேபிள் செய்யப் போறேன். 12 எம்எம் தகடு போட்டாதான் வளையாதுன்னு கூட்டாளி சொல்றாரு. காலுக்கு வீட்ல கிடக்குற பழைய ஜிஐ பைப் போதுமா?

பதில்: தம்பி, அந்த சைஸ்ல 12 எம்எம் தகடு மட்டுமே 70 கிலோ வரும், அத யாரு தூக்கி வைக்கிறது? நீங்க சொல்ற வேலைக்கு 8 எம்எம் தாராளம், 47 கிலோக்கு கொஞ்சம் கம்மியா நிக்கும். வளையறதுக்கு தடிமன் மட்டும் காரணம் இல்ல, ஃபிரேமோட சேத்து சுத்தி ஃபுல் வெல்டு அடிச்சீங்கன்னா ஆறும்போது வெல்டு சுருங்கி இழுக்கும், தடிமன் தகடும் கொஞ்சமாவது நெளியத்தான் செய்யும். அதனால ஃபிரேம ஒழுங்கா செஞ்சு தகட போல்ட்டுல இறுக்கிருங்க, இல்லன்னா அடியிலேருந்து ஒரு இன்ச், ஒரு இன்ச்சா வெல்டு வச்சு, நடுவுல இடம் விட்டு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி அடிங்க.

ஃபிரேமுக்கு 50க்கு 50, 3 எம்எம் ஹாலோ (உள்ள வெத்தா இருக்குற சதுரக் குழாய்) எடுங்க. மொதல்ல டேக் (புள்ளி புள்ளியா சின்ன வெல்டு) மட்டும் வச்சு, மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் டேப்ல அளந்து பாருங்க, ரெண்டும் ஒண்ணா வந்தா சதுரம் சரி. ஆனா முறுக்கு இருக்கான்னு டேப்புக்குத் தெரியாது, அதுக்கு மெல்லிசு நூலு ரெண்டு எடுத்து மூலைக்கு மூலை குறுக்க இழுத்துக் கட்டுங்க, நடுவுல லேசா உரசணும். இடைவெளி தெரிஞ்சாலோ ஒண்ணு இன்னொண்ண அழுத்துனாலோ ஒரு மூலை தூக்கிக்கிட்டு இருக்கு. இதப் பாக்காம ஃபுல் வெல்டு அடிக்கவே அடிக்காதீங்க, பெறவு நிமித்துறது பெரிய ரோதனை. போர்ச் தரைய நம்பி லெவல் வைக்காதீங்க, மழைத் தண்ணி ஓடுறதுக்காக லோங்காங் (சாக்கடை) பக்கம் சரிவாத்தான் போட்டிருப்பாங்க, டேபிளோட ஒவ்வொரு காலுக்கும் அடியில ஒரு நட்ட வெல்டு பண்ணி போல்ட் மாட்டிட்டா ஏத்தி இறக்கிக்கலாம். கிளாம்ப் புடிக்க தகடு ஃபிரேமத் தாண்டி சுத்தி ரெண்டு மூணு இன்ச் நீட்டி இருக்கட்டும். உயரம் முழங்கைக்குக் கொஞ்சம் கீழ.

ஜிஐ பைப் வேண்டாம்பா. மேல இருக்குறது துத்தநாகம், சூட்டுல வெள்ளையா புகையா வரும், அத மூச்சுல இழுத்தா சில மணி நேரம் கழிச்சு குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போடும். பால் குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ற ஆளுங்க பட்டறைக்கு ஒருத்தர் இருப்பாரு, கேக்காதீங்க.

இன்னொண்ணு, துரு புடிக்குதேன்னு மேல் தகடுக்கு பெயின்ட் அடிச்சிராதீங்க, வெல்டிங் மிஷினோட எர்த் கிளாம்ப் ஒழுங்கா புடிக்காது. வேலை முடிஞ்சதும் எண்ணெய்த் துணியால ஒரு தடவ தொடச்சு விடுங்க, மறுநாள் வெல்டு அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த எண்ணெயத் தொடச்சு எடுத்துட்டு ஆரம்பிங்க.