கவிழ்க்க நாலு நாள், பிறகு?

வெளிநாடுகள் கவிழ்த்த ஆட்சிகளைப் பற்றி மட்டக்களப்பில் எங்கள் வாசகர் வட்டத்தில் பேசியபோது எழுந்த கேள்விகள் இவை. வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சேர், ஈரானில் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்தது யார்? (கல்லடி)

அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏயும் பிரித்தானிய உளவு அமைப்பான எம்ஐ6உம், மன்னர் ஷாவுக்கு விசுவாசமான படை அதிகாரிகளைச் சேர்த்துக்கொண்டு. பிரித்தானியக் கம்பனியின் கையிலிருந்த எண்ணெயை 1951இல் மொசாதேக் நாட்டுடைமையாக்கியதுதான் பிரித்தானியாவுக்குக் கோபம். 1953 ஓகஸ்ட் 15 இரவு நடந்த முதல் முயற்சி தோற்றுப்போய், ஷா நாட்டை விட்டே ஓடினார். அடுத்த முயற்சியில் 19ஆம் திகதி மொசாதேக் ஆட்சி முடிந்தது, ஷா திரும்பி வந்தார். ஆனால் 1979இல் ஷாவை விரட்டிய சனங்கள் அதை மறந்திருக்கவில்லை. தெஹ்ரான் தூதரகத்தில் அமெரிக்கர்களை 444 நாள் பிடித்து வைத்தபோதும் அந்தப் பழைய காயம் பேசப்பட்டது.

கொடுங்கோலனை வெளியார் நீக்கினால் நல்லதுதானே? (களுவாஞ்சிகுடி)

ஈராக்கை ஆண்ட சதாம் கொடுமைக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகி போல் பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் இராணுவத்தைக் கலைத்தார். இலட்சக்கணக்கான ஆண்கள் சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள், பலரிடம் துவக்கு இருந்தது. கிளர்ச்சிக் குழுக்களுக்கு ஆள் தேடும் வேலையே இல்லாமல் போனது. லிபியாவிலும் அப்படித்தான். 2011இல் பொதுமக்களைக் காக்க என்று வெளிநாடுகள் தொடங்கிய குண்டுவீச்சு ஆட்சியாளர் கடாபியின் மரணத்தில் முடிந்தது, 2014இல் அங்கே இரண்டு அரசுகள் போட்டி போட்டன. ஆட்சியைக் கவிழ்த்த மறுநாள் காலையில் பொலிசுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று முதலிலேயே கேட்காதவன் தலையிடக் கூடாது என்பேன்.

எங்கட ஆட்களும் மாலைதீவில் இதைச் செய்தார்களாமே? (ஏறாவூர்)

ஓம். 1988 நவம்பர் 3, மாலைதீவு வர்த்தகர் ஒருவரின் ஆட்சிக் கவிழ்ப்புத் திட்டத்துக்கு, இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கமான புளொட்டின் உறுப்பினர்கள் கூலிப்படையாகப் போனார்கள். இந்தியப் படை வந்து ஜனாதிபதி கயூமின் ஆட்சியைக் காப்பாற்றியது.

2022இல் ஜனாதிபதி கோட்டாபயவை விரட்டியதும் வெளிநாடுதானா? (அக்கரைப்பற்று)

அவரே சதி என்று எழுதியிருக்கிறார். நான் கண்டதைச் சொல்கிறேன். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள். அந்தப் பெரும்போகத்தில் அம்பாறைப் பக்கம் ஒரு வயலில் கதிரை உள்ளங்கையில் வைத்து உருட்டினேன், பாதி பதர். வயல்காரர் வாயே திறக்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. அப்புறம் பெற்றோல் வரிசை. ஈரான் விஷயத்தில் சிஐஏயின் சொந்த ஆவணங்களே சாட்சி. இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் நிச்சயம் வாசிப்பேன். அதுவரை எனக்கு அந்தப் பதர்தான் சாட்சி.