வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: மழையை அளக்கட்டும் பிள்ளைகள்

கேள்வி: ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வானம் இருண்டாலே என் வகுப்புப் பிள்ளைகள் கலங்கிப்போகிறார்கள். பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் நடத்தி அவர்களை மேலும் பயமுறுத்தலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தயங்காமல் நடத்துங்கள், அம்மா. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளையிடம் நாம் வாய் திறக்காவிட்டால், இது பெரியவர்களுக்கே பிடிபடாத ஏதோ ஒன்று என்று அது நினைத்துக்கொள்ளும். பயம் அங்கேதான் வேர் பிடிக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. உங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் அந்த டிசம்பரில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நன்றாகவே விளங்கும்.

கையோடு ஒரு வேலையும் கொடுங்கள். நான் புவியியல் நடத்திய காலத்தில் வகுப்புதோறும் செய்யவைத்தது மழைமானி. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை அறுத்து, புனல்போலத் தலைகீழாகச் செருகுங்கள். அடிப்பக்கத்து மேடுபள்ளத்தை மெழுகு ஊற்றிச் சமன் செய்து, அந்த மட்டத்திலிருந்து தொடங்குமாறு ஸ்கேலை ஒட்டுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதவேண்டும். வானிலைத் துறையின் நாள் கணக்கு முடிவதும் அந்த நேரத்தில்தான். விடுமுறையில் யார் அளப்பது என்று அவர்களே முறை வைத்துக்கொள்வார்கள், பாருங்கள்! 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. இந்த அளவுகள் தெரிந்துவிட்டால், டிவியில் எச்சரிக்கை வரும்போது பிள்ளைகள் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள்.

பிறகு ஊருக்குள் அனுப்புங்கள். குளத்து மடை பார்க்கும் பெரியவர்களைக் கேட்டு, மறுகால் (குளம் நிரம்பி வழியும் தண்ணீர்) எந்த வழியாகப் பாயும், இன்று அந்த வழியில் என்ன கட்டி நிற்கிறது என்று வரைபடம் போடட்டும். வெள்ளம் ஏறிய மட்டத்தையும் தெருத்தெருவாகக் குறிக்கட்டும். கிராம சபையில் வாக்காளர்களே உறுப்பினர்கள். ஆகவே மழைக்கு முந்தைய அக்டோபர் 2 கூட்டத்தில் பெற்றோர் அந்தப் படத்தை வைத்து, ஓடையைத் தூர்வாரத் தீர்மானம் கேட்கட்டும். வரைந்த பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

கேள்வி: ஜூன் 5 அன்று பள்ளியில் நட்ட கன்றுகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லையே, ஏன்? (ஒரு மாணவர், விளாத்திகுளம்)

பதில்: ஜூனில் உங்கள் கரிசல் மண்ணுக்கு வெயிலும் காற்றும்தான், தம்பி. உங்கள் மழை ஐப்பசியில் வருகிறது, அப்போது நடுங்கள். ஜூனில் வேப்பம்பழம் உதிரும். அதைப் பொறுக்கி உடனே நாற்றுப் போட்டால் ஐப்பசிக்குக் கன்று தயாராகிவிடும்.

கேள்வி: “சின்னப் பிள்ளைகள் பேசி என்ன ஆகப்போகிறது?” என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது? (கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: பசிபிக் தீவு நாடான வனுவாட்டின் கதையைச் சொல்லுங்கள், மகளே. 2019-இல் அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்த 27 பசிபிக் தீவு மாணவர்கள், பருவநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்கவேண்டும் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச் சபை ஒருமனதாக அந்தக் கேள்வியை அனுப்பியது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் கருத்துரைத்தது. அது யாரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனாலும் உலகின் எந்த மூலையிலும் ஒரு வழக்கறிஞர் இனி அதை எடுத்து வாதாடலாம். வகுப்பறையில் பிறந்த யோசனை இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நீங்களும் உடனே இறங்க விரும்பினால், சென்னையிலேயே 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இயங்குகிறது. ஜனவரி தொடங்கி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். மணல் அதிகம் சூடானால் குஞ்சுகளில் பெண்ணே மிகும் என்பதை அங்கே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வார இறுதி நடைகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் கேள்வி கேட்டவர்களையும் ஓர் இரவு அழைத்துப் போங்கள்.