இடுப்பு மூட்டு மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு வந்த அம்மா எக்சர்சைஸ் பண்ணவே மாட்டேங்கிறாங்க, என்ன பண்றது?

தயவுசெஞ்சு திட்டாதீங்க, முதல்ல வலியா பயமான்னு கேளுங்க, எங்க அத்தைக்கு புது மூட்டு கழண்டுடுமோங்கிற பயம்தான். ஒவ்வொண்ணும் எதுக்குன்னு புரிஞ்சப்புறம்தான் செஞ்சாங்க, பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுறது கால்ல ரத்தம் உறையாம இருக்க, தொடையை இறுக்கி 5 செகண்ட் பிடிக்கிறது நடக்க பலம் வர. டாக்டர் குடுத்த வலி மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க. காலை காபிக்கு முன்னாடி கொஞ்சம், சீரியல்ல விளம்பரம் வர்றப்போ கொஞ்சம்னு பிரிச்சு விடுங்க, காலண்டர்ல அவங்க கையாலயே டிக் போடட்டும். அத்தை வாக்கரைப் புடிச்சுட்டு வாசல் வரைக்கும் வந்து கோலத்தைப் பார்த்த அன்னிக்கு அப்படி ஒரு சிரிப்பு! டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் தரையில சம்மணம் போட்டு உக்கார விடாதீங்க. கெண்டைக்கால் வீங்கி வலிச்சா உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.