பைப்பில் நில்லாத கிளாம்ப்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சுற்றுலாப் படகின் கூரைக் கம்பத்தில் தேடுவிளக்குப் பூட்ட வேண்டும். கம்பம் 1 அங்குல ஜீஐ பைப் (நாகம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்). வெல்டிங் கடையில் 25 மி.மீ. என்று சொல்லி அடிப்பித்த கிளாம்ப் பைப்பில் ஏறவே இல்லை. பெரிதாக்கி வாங்கினோம், இப்போது போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அலை அடித்ததும் விளக்கு சுழன்று தண்ணீரைப் பார்க்கிறது. — நிலாவெளி வாசகர்

பதில்: முதல் தவறு கடைக்காரருடையது அல்ல, பைப்பின் பெயருடையது. ஜீஐ பைப்பில் ‘1 அங்குலம்’ என்பது பெயரளவு மட்டுமே. உள்விட்டம்கூட 27 மி.மீ. சொச்சம் வரும். கிளாம்ப்புக்கு வேண்டியது வெளிவிட்டம்: 1 அங்குலப் பைப்புக்கு 33.7 மி.மீ. முக்கால் அங்குலத்துக்கு 26.9, ஒன்றேகாலுக்கு 42.4, ஒன்றரைக்கு 48.3.

அட்டவணையை நம்பி மட்டும் வெட்டக் கூடாது. நாகப்பூச்சுத் திரண்ட இடம், பெயின்ற், துரு எல்லாம் அளவைக் கூட்டும். விட்டம் அளக்கும் வேணியர் கருவி இல்லையென்றால் ஒரு கீற்றுக் கடதாசியைப் பைப்பில் இறுகச் சுற்றுங்கள். விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஊசியால் குத்தி, விரித்து, இரு துளைகளுக்கும் இடைத்தூரத்தை அளந்து 3.14ஆல் வகுக்கவும். 106 மி.மீ. வந்தால் விட்டம் 33.7. நூலால் சுற்ற வேண்டாம். நூலின் தடிப்பு முழுவதும் விட்டத்தில் ஏறிவிடும்.

இனிச் சுழல்வது ஏன்? கிளாம்ப்பில் போல்ட் ஏறும் தட்டையான இரண்டு காதுகளையும் பாருங்கள். அவை ஒன்றோடொன்று முட்டி நின்றால் போல்ட்டின் இழுவை முழுக்கக் காதிலேயே முடிந்துவிடும், பைப்புக்குப் போய்ச் சேராது. இறுக்கிய பிறகும் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மூன்று ஹக்சோ பிளேட்டை ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய 2 மி.மீ.; அது உள்ளே நுழையாவிட்டால் கிளாம்ப் பெரிது.

புதிதாகச் செய்வதாக இருந்தால் 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிப்புள்ள கறுப்புப் பட்டை இரும்பை (நாகம் பூசாதது) எடுக்கவும். 3 மி.மீ. பட்டை மலிவுதான், ஆனால் இறுக்கும்போது அதன் காது வளைந்து நுனிகள் முதலில் முட்டிக்கொள்ளும். உள்ளே 1.5 மி.மீ. றப்பர் வைத்தால் பைப்பின் விட்டம் 36.7 ஆகிறது. வளைவின் நீளத்தைப் பட்டையின் நடுத்தடிப்பில் கணக்கிட வேண்டும்: 36.7 + 5 = 41.7, அதன் சுற்றளவு 131, பாதி 65.5. இடைவெளிக்காக இரண்டரை கழித்தால் 63. இருபக்கமும் காதுக்கு 25 வீதம் சேர்த்தால் 113. ஆகவே 120 மி.மீ. துண்டு இரண்டு வெட்டுங்கள். மிச்சத்தைப் பிறகு அரத்தால் எடுத்துவிடலாம்.

அதே அளவுப் பைப் துண்டில் 1.5 மி.மீ. தகட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டி, பட்டையைச் செந்நிறமாகச் சூடாக்கி அதன்மேல் அடித்து வளைக்கவும். நாகம் பூசிய பட்டையைச் சூடாக்கவே கூடாது. அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். துளையை முன்பே போடாமல், வளைத்த பின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து 7 மி.மீ.யில் ஒரே முறையாகத் துளையுங்கள். எம் 6 (6 மி.மீ.) போல்ட்டுக்கு அது போதும். துளை வளைவுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஸ்பனர் திரும்ப இடம் விட்டால் சரி. பிறகு துருத்தடுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு.

பட்டையை அகலமாக்கினால் பிடி கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிக் கூடுவதில்லை. பிடியைத் தருவது போல்ட்டின் இழுவை. அகலம் அந்த அழுத்தத்தைப் பரப்பி, பைப் நசுங்காமல் காக்கும், அவ்வளவே. ஆனால் வளைவு பைப்போடு முழுக்கப் பொருந்தினால், இரண்டு கோட்டில் மட்டும் தொடுவதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பிடி கிடைக்கும். சிரமப்பட்டு வளைப்பது அதற்காகத்தான்.

15 செ.மீ. ஸ்பனரின் நுனியில் இரண்டரைக் கிலோ அளவு இழுவை போதும். இரு போல்ட்டையும் மாறி மாறி இறுக்குங்கள். றப்பர் அமுங்கி இடம் கொடுக்கும் என்பதால் இரண்டொரு நாளில் மறுபடி ஒருமுறை. விளக்கைக் கம்பத்தோடு ஒட்டியே வையுங்கள், 20 செ.மீ. தள்ளித் தொங்கும் விளக்கு அதே எடைக்கு இரண்டு மடங்கு முறுக்கும், 10 செ.மீ.யில் தொங்குவதைவிட.

கேள்வி: விடுதி மாடியின் கைப்பிடி 38 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய். பெயர்ப்பலகை தொங்கவிட நாகம் பூசிய யூ போல்ட் போட்டோம். ஆறு மாதத்தில் பழுப்பு வழிகிறது, குழாயிலும் பள்ளம். — உப்புவெளி வாசகி

பதில்: இது வேறு வகைக் குழாய். ஸ்டெயின்லெஸ் குழாய்க்குச் சொல்லும் அளவே வெளிவிட்டம் (38.1 மி.மீ.), சுவரோ ஒன்றேகால் மி.மீ. அளவில் மெலிது. யூ போல்ட் கம்பி ஒரு கோட்டில்தான் தொடும். மெல்லிய சுவர் அங்கே உள்வாங்கும். விழுந்த பள்ளத்தை நிமிர்த்த முயல வேண்டாம், கிளாம்ப்பைப் பத்து செ.மீ. தள்ளிப் போடுங்கள். குழாயைச் சுற்றித் தழுவும் இரு பாதிச் சேணம், நீளம் குறைந்தது 40 மி.மீ., உள்ளே றப்பர்.

வழிவது பெரும்பாலும் போல்ட்டின் துரு. உப்பீரத்தில் இரண்டு வேறு உலோகம் தொட்டால் எளிதில் அரிபடுவது கரையும். இங்கே சிறிய போல்ட் எதிரில் பெரிய ஸ்டெயின்லெஸ் பரப்பு, ஆகவே இன்னும் விரைவாக. 316 தரத்து ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்குங்கள். கடலோரத்தில் 304 தரம் பழுப்புப் புள்ளி போடும். ஆனால் ஸ்டெயின்லெஸ் நட்டுக்கு ஒரு குணம்: கிறீஸ் இல்லாமல், அதுவும் மெஷினால் வேகமாகச் சுழற்றினால் புரி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். திடீரென இறுகி நட் சூடேறினால் அங்கேயே நிறுத்தித் திருப்பிக் கழற்றுங்கள்.

கறையை இரும்புக் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள், அதன் துகளே மறுபடி துருவேறும். மழையில்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர் தட்டும் கிணற்று நீர் உதவாது.

கேள்வி: கிளாம்ப்புக்குப் பதில் ஹோஸ் கிளிப், றப்பருக்குச் சைக்கிள் ரியூப் போதுமா? — கிண்ணியா வாசகர்

பதில்: வயரைக் கம்பத்தோடு கட்ட ஹோஸ் கிளிப் போதும், எடை தாங்கும் வேலைக்கு வேண்டாம், பட்டி மெலிது, அசைவில் புரிப்பெட்டி விட்டுக்கொடுக்கும். ரியூப் தற்காலிகத்துக்குச் சரி. வெயிலில் வெடிக்கும், டீசல் பட்டால் ஊதும். வெயிலுக்கு ஈபிடிஎம் றப்பர், எண்ணெய் படும் என்ஜின் பக்கத்துக்கு நைட்ரைல் றப்பர் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் பலனில்லை: ஈபிடிஎம் டீசலில் ஊதும், நைட்ரைல் வெயிலில் வெடிக்கும்.