நம் போனுக்கு இணையம் சாட்டிலைட் வழியாகத்தானே வருகிறது? கடலுக்கடியில் கேபிள் என்பதெல்லாம் உண்மையா?

உண்மைதான். நாடு விட்டு நாடு போகும் இணையத் தரவில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலடிக் கேபிளில்தான் போகிறது. நெட்வொர்க் துறையில் வேலை பார்ப்பதால் சொந்தக்காரர்களே என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போனில் கம்பி எதுவும் இல்லாததால் எல்லாம் வானத்திலிருந்து இறங்குவதாகத்தான் தோன்றும். ஆனால் கம்பியில்லாத பயணம் பெரும்பாலும் பக்கத்துத் தெரு டவரோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தரைக்கடியில் ஃபைபர் (ஒளியாகத் தரவைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை), வெளிநாடு போக வேண்டுமென்றால் மும்பை, சென்னை போன்ற கரைகளிலிருந்து கடல்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சென்னையில் இருந்தால், கம்ப்யூட்டரில் பிங் கட்டளை கொடுத்து சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சர்வரைத் தொட்டுப் பாருங்கள். சின்னச் செய்தி ஒன்று அங்கே போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். 2002இல் போடப்பட்ட சென்னை–சிங்கப்பூர் கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். போக 16 மில்லிசெகண்ட் (நொடியை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு), வர 16. வழியில் தரவை அடுத்த இடத்துக்குத் திருப்பிவிடும் ரவுட்டர்கள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் திரையில் 35, 40 என்று வரும். (5க்கும் கீழே வந்தால், அந்த சர்வரை நடத்தும் நிறுவனம் சென்னையிலேயே ஒன்று வைத்திருக்கிறது, உங்கள் தரவு கடலையே பார்க்கவில்லை.)

இப்போது சாட்டிலைட் கணக்கு. சாட்டிலைட் பூமியோடு சேர்ந்தே சுற்றி, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதை 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே இறங்க வேண்டும், பதிலும் அப்படியே. மொத்தம் 1,43,000 கி.மீ. விண்வெளியில் ஒளியின் வேகத்தில் போனாலும் 480 மில்லிசெகண்ட் ஆகும். இதை எந்த எஞ்சினியராலும் குறைக்க முடியாது. ஸ்டார்லிங்க் போன்ற நிறுவனங்களின் சாட்டிலைட்டுகள் சில நூறு கி.மீ. உயரத்திலேயே பறப்பதால் தாமதம் மிகக் குறைவு. ஆனாலும் அந்தத் தரவும் கடைசியில் ஒரு தரை நிலையத்தில் இறங்கி ஃபைபரில்தான் சேர்கிறது.

அந்தமானில் இந்த வித்தியாசத்தை மக்கள் அனுபவித்தே அறிந்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் அவர்களுக்கு சாட்டிலைட்தான் கதி. வேகம் குறைவு, விலை அதிகம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற தீவுகளுக்கும் சுமார் 2,300 கி.மீ. கேபிள் திறக்கப்பட்ட பிறகுதான் அங்கே நிலைமை மாறியது.

சரி, இவ்வளவு முக்கியமான கேபிள் எவ்வளவு பெரிதாக இருக்கும்? ஆழ்கடலில் அது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவுதான். உள்ளே சில கண்ணாடி இழைகள், சுற்றிலும் இரும்புக் கம்பி, செம்பு, பிளாஸ்டிக். அந்தச் செம்பு வழியாகக் கரையிலிருந்து மின்சாரம் போகிறது. போகப் போக மங்கும் ஒளியை வழி நெடுக இருக்கும் ரிப்பீட்டர்கள் பெருக்கிவிட, அந்த மின்சாரம் வேண்டும். கரையோரத்தில் மட்டும் கூடுதல் இரும்புக் கவசம் போட்டு மணலில் புதைப்பார்கள். அங்கேதான் ஆபத்து அதிகம்: மீன்பிடி வலை, கப்பல் நங்கூரம். உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள் வருகின்றன, பெரும்பாலானவை இந்த இரண்டால்தான்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கரையிலிருந்து ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்புவார்கள். அது முறிவில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள். அப்புறம் கப்பல் போய், கொக்கி போட்டு ஒரு முனையைத் தூக்கி மிதவையில் கட்டிவிட்டு, மறு முனையைத் தேடும். நடுவில் புதுத் துண்டு வைத்து, கப்பலிலேயே இழை இழையாக ஒட்டிக் கடலில் இறக்குவார்கள். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா நாட்டின் கேபிள் அறுந்தபோது, முக்கியத் தீவுக்கு இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆனது. அவர்களுக்கு வெளிநாட்டுக்கு இருந்ததே அந்த ஒரு கேபிள்தான்.

நம் நாட்டுக்குப் பல கேபிள்கள் வருவதால் ஒன்று போனால் ரவுட்டர்கள் வேறு வழி தேடிக்கொள்ளும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது, மேற்கே ஐரோப்பா வழியாகப் போக வேண்டிய தரவில் ஒரு பகுதியைக் கிழக்கே பசிபிக் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். சில நாட்கள் இணையம் நத்தை வேகத்தில் ஓடியது, ஆனால் அடியோடு நிற்கவில்லை.