கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. இருமுனை மனநோய் முற்றி, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து ஆறு நாள் ஆகிறது. "வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று தினமும் அழுகிறான். அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும் என்கிறார் டாக்டர். மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்வதாக எழுதிக் கொடுத்துவிடலாமா? - ஒரு சகோதரி, பெரம்பூர்

பதில்: உங்கள் தம்பி எந்த முறையில் சேர்க்கப்பட்டார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தன் விருப்பத்தின் பேரில் சேர்ந்திருந்தால், வெளியே போகக் கேட்கும் உரிமை அவருடையது. அந்த முடிவை உங்கள் குடும்பம் அவருக்காக எடுக்க முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவர் கேட்டதும் அனுப்பிவிட வேண்டும். அவருக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்கலாம், அல்லது தன் முடிவைப் புரிந்துகொள்ளும் நிலையிலோ தன்னைக் கவனித்துக்கொள்ளும் நிலையிலோ அவர் இல்லை என்று தோன்றினால் மட்டும், மறுபரிசோதனைக்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம்.

உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவர் நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்பவராக, விண்ணப்பித்துச் சேர்த்திருந்தால் நிலைமை வேறு. அப்படிச் சேர்க்க இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். முதலில் அதிகபட்சம் 30 நாள்தான் வைத்திருக்கலாம். இப்படிச் சேர்ப்பது சரிதானா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் ஏழு நாளுக்குள் தகவல் போக வேண்டும். அந்த வாரியத்திடம் தம்பியே முறையிடலாம். இது பலருக்குத் தெரிவதில்லை, மருத்துவமனைகளும் எடுத்துச் சொல்வதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

சட்டத்தைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் ஏன் போக வேண்டும் என்கிறார்? "பிடிக்கவில்லை" என்பதோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கால்களைக் கவனியுங்கள். ஓரிடத்தில் நிற்க முடியாமல் மாற்றி மாற்றிக் கால் வைக்கிறாரா, படுத்த உடனே எழுந்து நடக்கிறாரா, உள்ளுக்குள் ஏதோ பிறாண்டுவது போல் இருக்கிறது என்கிறாரா? மனநோய்க்கான சில மருந்துகள் இந்தத் தவிப்பை உண்டாக்கும். வீட்டு ஏக்கம், அடம் என்று இது தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் உண்டு. மருந்தின் அளவைக் குறைத்தோ, புரோப்ரனலால் போன்ற மாத்திரை சேர்த்தோ இதைத் தணிக்க முடியும். டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். சிலருக்குக் காரணம் இன்னும் சிறியதாக இருக்கும்: போன் கொடுக்கவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பக்கத்துக் கட்டில்காரரைக் கண்டால் பயம். பேசினால் தீர்ந்துவிடும்.

செலவுதான் உங்கள் தயக்கம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு மாற்றக் கேட்கலாம். நோயாளியை மருந்தில்லாமல் வீட்டில் வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எல்லாம் பேசிய பிறகும் போவதென்று முடிவானால், வெறுங்கையோடு வராதீர்கள். படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டதால் மருத்துவமனையின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. வெளியே போன பின் என்ன சிகிச்சை என்பதை உங்களோடு கலந்து திட்டமிட வேண்டியது சிகிச்சை தரும் மனநல மருத்துவரின் கடமை. டிஸ்சார்ஜ் குறிப்பு, மருந்துச்சீட்டு, ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்கும் தேதி மூன்றையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு நிலைப்பட ஐந்து முதல் ஏழு நாள் ஆகும்; அந்தப் பரிசோதனை முடிந்ததா என்று கேளுங்கள். வீட்டில் திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை வெயிலில் தண்ணீர் குறையக் கூடாது. தலைவலிக்குக் கடையில் ஐபுபுரூஃபன் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மாத்திரைகளை அம்மா தன் கையில் வைத்து வேளாவேளைக்குக் கொடுக்கட்டும். முதல் சில வாரங்கள் தம்பியைத் தனியே விடாதீர்கள்; மருத்துவமனையிலிருந்து வந்தவுடன்தான் தற்கொலை ஆபத்து மிகுதி. தூக்கம் இரண்டு இரவு தொடர்ந்து கெட்டாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ தயங்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 108.