பழைய பைக் பிரியர்கள் ஏன் ஸ்பேர் பார்ட்ஸைக் குவித்து வைக்கிறார்கள்?

ஒரு மாடல் நின்றுபோனால், சில ஆண்டுகளில் அதற்கான ஸ்பேர் தயாரிப்பும் நின்றுவிடும். காரணம் அவ்வளவுதான். அப்புறம் கிடைப்பது அன்றே தயாராகி விற்காமல் கிடந்த 'நியூ ஓல்ட் ஸ்டாக்', வேறு வண்டியில் கழற்றியது, அல்லது இன்று யாராவது செய்யும் நகல்.

நகலில்தான் வம்பு. பழைய பிரிட்டிஷ் பைக்குகள் பலவற்றில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு முறை மரை (போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகுப் பள்ளம்) உண்டு. அந்த மரைப் பல்லின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் போல்ட்டில் 60. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒரு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். விடாமல் முறுக்கினால் அலுமினிய உறையின் மரையே போய்விடும். அதனால்தான் துருப்பிடித்த போல்ட்டைக்கூடத் தூக்கிப் போட மனம் வராது. பழைய சட்டையின் பொத்தான்களை டப்பாவில் சேர்ப்பதில்லையா, அதே கதைதான்: ஒன்று அறுந்தால் ஜோடி கடையில் கிடைக்காது. (வண்டியே இல்லாமல் அதற்குக் கார்புரேட்டர் வாங்கி வைப்பவர்களும் உண்டு. அது தனி வியாதி.)

பெட்டி பிரிக்காதது எல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம்: ஆயில் சீல், ரப்பர் பாகங்கள் பெட்டிக்குள்ளேயே இறுகி வெடித்துவிடும்; நெடுநாள் தாங்குவது எண்ணெய் தடவி வைத்த கியர், ஷாஃப்ட் போன்றவைதான்.